ஏழுமலையை எழுப்பிய சத்தம்

எங்கள் தொழிலில் கோளாறு நடப்பது ராத்திரி. நாங்கள் போய்ப் பார்ப்பது காலையில். நடுவில் என்ன நடந்தது என்பதை யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழுமலை என்ற டிரைவர் சொன்ன ஒரு ராத்திரியின் கதையை இத்தனை வருஷமாக நான் முழுசாக நம்பியதில்லை. நம்பிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். அது வேறு.

சாயங்காலம் ஒழுங்காக வந்து நின்ற வண்டி, காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று மட்டும் சொல்லும் கொடுமையை நீங்களும் பட்டிருப்பீர்கள். உங்களுக்கு ஆபீஸ் போக நேரமாகும், அவ்வளவுதான். நான் சொல்லும் வண்டியில் பேட்டரி இறங்கினால் ஒருவருக்கு மூச்சு இறங்கிவிடும்.

வீட்டு வண்டி

திண்டிவனத்தில் எனக்கு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. ஒருநாள் காலை விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நின்ற வண்டியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஜெயபால் நயினார், செஞ்சிப் பக்கத்தில் நிலமும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரமும் உள்ளவர், ஒரு டெம்போ டிராவலரை வீடாக மாற்றி வைத்திருந்தார். கட்டில், சமையல் மேடை, சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் உண்டு. ஊர் சுற்றும் ஆசையில் செய்ததல்ல. அவர் மனைவி பத்மாவதி அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. தூங்கும்போது மாஸ்க் வழியாக மெஷின் காற்றைத் தள்ளினால்தான் மூச்சு வரும். வெளியூர் லாட்ஜில் கரண்டை நம்பிப் படுக்க முடியாது என்று, வண்டிக்குப் பின்னால் தனியாக ஒரு பெரிய பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்திருந்தார்கள்.

அந்தப் பேட்டரிதான் காலையில் செத்துக் கிடந்தது. ராத்திரி மெஷின் நின்றதும் கட்டிலருகே பஸ்ஸர் கத்தி அம்மாவுக்கு விழிப்பு வந்திருக்கிறது. நான் போனபோது கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். பேச ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சைத் தேட வேண்டியிருந்தது.

“விடியற வரைக்கும் உக்காந்துக்கினே இருந்தேம்பா. கண்ண மூடினா மூச்சும் கூடவே போயிடுமோன்னு பயம்.”

அலமாரிக்குள் போன போன்

ராத்திரி எதையெல்லாம் போட்டீர்கள் என்று முதலில் கேட்பேன். நயினார் சிரித்தார். சமணக் குடும்பம்; பொழுது சாய்வதற்குள் அவர்கள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். அதற்குமேல் அடுப்புப் பக்கமே போவதில்லை. கட்டிலை மறைத்த திரைக்கு முன்னால் டிரைவர் சீட்டில் படுக்கும் ஏழுமலையைக் கேட்டேன். “நான் லைட்டுகூடப் போடலண்ணே” என்றான். ஆகவே சமையல் கணக்கை விட்டுவிட்டேன்.

மீட்டரை நெகட்டிவ் ஒயரில் சேர்த்துவிட்டு, ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எதைப் பிடுங்கும்போது எண் இறங்குகிறதோ அங்கேதான் கரண்ட் கசிகிறது. வேலை முடியும்வரை இன்வெர்ட்டரின் பஸ்ஸர் ‘பேட்டரி இல்லை, பேட்டரி இல்லை’ என்று கத்திக்கொண்டே இருந்தது. நயினாருக்குக் காது மந்தம் என்பதால் பெரிய பஸ்ஸராகப் பார்த்துக் கட்டிலருகே வைத்திருந்தார்கள். தலைவலி தாங்காமல் அதன் ஒயரைப் பின்பக்கம் கழற்றி, முனையில் கறுப்பு டேப் சுற்றிவிட்டேன்.

கசிவு துணி அலமாரிப் பக்கம். கதவை மூடினால் உள்ளே பல்பு அணைகிறதா இல்லையா என்று திறந்து பார்த்தால் தெரியாதே! என் போனில் வீடியோவைப் போட்டு உள்ளே வைத்து மூடினேன். எடுத்துப் பார்த்தால், மூடிய கதவுக்குள் மிச்சக் கரண்டில் பல்பு மங்கலாக எரிகிறது. ஸ்விட்சை மாற்றினேன். அவ்வளவு சின்ன பல்பு அவ்வளவு பெரிய பேட்டரியை ஒரே ராத்திரியில் காலி பண்ணாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டேன். நயினார் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“இந்தத் துக்கடா பல்பா தம்பி எங்கள இந்தப் பேஜாரு பண்ணிச்சு?”

வளவனூர்

மூன்றாம் நாள் விடிகாலையில் போன் வந்தது. புதுச்சேரி போகும் வழியில் வளவனூரில் வண்டியை நிறுத்தித் தூங்கியிருக்கிறார்கள். மறுபடியும் மெஷின் நின்றுவிட்டது. இந்த முறை அம்மாவுக்கு விழிப்பு வரவில்லை.

நான் போனபோது அவர் உயிரோடு உட்கார்ந்திருந்தார்; உதடு மட்டும் வெளுத்திருந்தது. என்ன நடந்தது என்று கேட்டால், “எனக்கு ஒண்ணுமே தெரியலப்பா” என்றார். சொன்னது ஏழுமலைதான்.

“பஸ்ஸர் பீன்னு கத்திச்சுண்ணே. தூக்கிவாரிப் போட்டுச்சு. எழுந்து பாத்தா மெஷின் நின்னுக்கினு இருக்குது, அம்மாவுக்கு ஒதடெல்லாம் நீலம். ஜல்தியா வண்டிய ஸ்டார்ட் பண்ணேன், மெஷின் பட்டனை அமுக்கினேன், ஐயாவ உலுக்கி எழுப்பினேன்.”

அந்த ஒயரைக் கழற்றியது நினைவிருக்கிறது. திரும்ப மாட்டினேனா? மாட்டியிருக்க வேண்டும். பஸ்ஸர் கத்தியிருக்கிறதே, அப்படியென்றால் மாட்டியிருக்கிறேன். ஏழுமலை சொல்வது நிஜமானால் நான் தப்பித்தேன். இதைத்தான் அப்போது நினைத்தேனே தவிர, அம்மாவை நினைக்கவில்லை. நயினார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“எனக்குத்தான் காது கேக்கல. நீங்க பாத்து விட்டுட்டுப் போன பஸ்ஸர்தான் தம்பி இவளக் காப்பாத்திச்சு.”

டேப்

சோதிக்க வேண்டும் என்று சொல்லி வண்டியைக் கடைக்குக் கொண்டுவரச் செய்தேன். ஏழுமலை டீ குடிக்கப் போன நேரத்தில் பின்பக்கப் பலகையைக் கழற்றினேன். ஒயர் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முனையில் நான் சுற்றிய டேப். ஆட்டத்தில் ஒயர் கழன்று விழலாம். டேப் தானாகப் போய்ச் சுற்றிக்கொள்ளாது. வேறு எதையும் பார்ப்பதற்கு முன்னால் ஒயரை மாட்டிப் பலகையை மூடினேன்.

அதற்குப் பிறகுதான் டிரைவர் சீட்டுக்கு அடியில் பார்த்தேன். லுங்கியில் சுற்றி ஒரு எலக்ட்ரிக் கெட்டில். உள்ளே வெள்ளையாகப் படிந்த வளையம், ஒட்டிக்கொண்ட இரண்டு முட்டை ஓட்டுச் சில்லு. பொழுதோடு சாப்பிடும் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, நடுராத்திரி பசித்தவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முட்டை வாசனையே படாத அந்த வண்டியில் விஷயம் தெரிந்தால் அவன் வேலை அன்றோடு போயிருக்கும். ஆனால் மெஷின் ஓடிப் பாதி இறங்கிய பேட்டரியில் கெட்டிலைப் போட்டால் இன்வெர்ட்டர் அந்த நிமிஷமே படுத்துவிடும்; கூடவே மெஷினும் நிற்கும், முழித்திருந்தவனுக்கு அது தெரிந்திருக்கும். கெட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தேன். அவனைக் காட்டிக் கொடுத்தால் நானும் மாட்டுவேன்.

நயினாரிடம் பேட்டரி பழசு என்று சொல்லிப் புதுசு போடவைத்தேன். அடுத்த முறை வண்டி வந்தபோது சீட்டுக்கு அடியில் ஒன்றுமில்லை. பேட்டரி அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. ஏழுமலை என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான்:

“வண்டி இப்ப சூப்பரா இருக்குதுண்ணே. எல்லாம் உங்க கைராசி.”

முகையூர் டீக்கடை

அதன்பின் விடிகாலையில் போன் அடித்தாலே எனக்கு வளவனூர்தான் ஞாபகம் வரும். கட்டிலருகே அந்த இருட்டில் எவ்வளவு நேரம் போயிற்று என்பதுதான் என்னைத் தின்றது. பத்மாவதி அம்மா நன்றாகத்தான் இருக்கிறார்; பார்க்கும்போதெல்லாம் என்னை வாழ்த்துகிறார்.

போன மாதம் முகையூரில் ஒரு டீக்கடையில் ஏழுமலையைப் பார்த்தேன். இப்போது அவனுக்குச் சொந்தமாக மினி லாரி. டீ மாஸ்டரிடம் என்னைக் காட்டி, “அண்ணன் பாத்துக் குடுத்த பஸ்ஸர் மட்டும் இல்லன்னா...” என்று அதே கதையை ஆரம்பித்தான். அவனைத் தனியாகப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனேன்.

“ஏழுமலை, அன்னைக்கு பஸ்ஸர் அடிக்கல. ஒயரை நான்தான் கழட்டி வச்சிருந்தேன். மாட்ட மறந்துட்டேன்.”

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

“சீட்டுக்கு அடியில கெட்டிலையும் பாத்தேன்.”

கீழே வைத்த கிளாஸை எடுத்து மிச்ச டீயை மரத்து வேரில் ஊற்றினான். பிறகு, “அம்மா நல்லாத்தானே இருக்காங்கண்ணே?” என்றான்.

ஒயரில் ஓடும் கரண்டை மில்லி ஆம்பியர் வரைக்கும் அளந்து சொல்லும் நான், இந்த ஒன்றை அளக்க வாயைத் திறப்பதற்கு இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டேன்:

“கெட்டில் அணைஞ்சதும் நீ மொதல்ல வண்டிய ஸ்டார்ட் பண்ணியா, கெட்டில ஒளிச்சு வச்சியா?”