ஸ்கொட்லாந்தில் எங்களுக்கென்று ஒரு நாள்

அடுத்த மாதம் ஸ்கொட்லாந்தில் எங்கள் இருவருக்கும் ஒரேயொரு நாள் கிடைக்கிறது. கிராமத்து ரோட்டுகளில் ஏரியும் மலையும் பார்த்தபடி காரில் சுற்ற, மூன்று வாரமாகப் பாதை போட்டு வைத்திருந்தேன்.

இன்று பிராங்பேர்ட்டில் ரயிலில் வரும்போது, கணவர் அதைக் கிளாஸ்கோவில் இருக்கும் தன் அக்காவிடம் போனில் உளறிவிட்டார்.

"மத்தியானம் இஞ்ச சாப்பிடுங்கோ. பின்னேரம் மாமி வீட்டையும் எட்டிப் பாக்கவேணும்," என்றார் அக்கா.

"ஓம் அக்கா, வாறம்," என்றார் இவர்.

எரிச்சலில் போனை வாங்கினேன். "அக்கா, நாங்கள் ஏரி பாக்கத்தான் வாறம்."

"இருபது வருசமா இஞ்ச இருக்கிறன். நான் இன்னும் அதுகளைப் பாக்கேல்லை," என்றார் அக்கா.

"அப்ப நீங்களும் வாங்கோ," என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அக்கா, அத்தான், மாமி மூவரும் வருகிறார்கள். நான் பதிந்திருப்பது நான்கு பேர் மட்டும் போகக்கூடிய மிகச் சின்னக் கார். பெரிய கார் எடுப்பதா, கணவரை இறக்கிவிடுவதா? நீங்களே சொல்லுங்கள்.