மரைக்கு விதைத்த பயறு

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். தமிழ் எழுத்துகூட சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் கற்றதுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மெல்பேர்னில் மாமாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்த வெள்ளைக்கார அங்கிளுக்கு, த பேசின் என்ற ஊருக்கு அப்பால் மலைக்காட்டோரம் கொஞ்சம் நிலம் இருந்தது. இருவரும் ஒரு திட்டம் போட்டார்கள். மரை எனும் பெரிய மான்கள் காட்டை விட்டு வெளியே வந்து மேயும்படி அங்கே எதையாவது விதைக்க வேண்டும். வருகிறதில் ஒன்றைச் சுட வேண்டும். இறைச்சியில் பாதி எங்களுக்கு. எதை விதைப்பது என்பதுதான் கேள்வி. குளோவர் என்ற தீவனப் பயிரைப் போடலாம் என்றார் அங்கிள். பேச்சோடு பேச்சாக, இந்த மரைகளின் பூட்டன்மாரை அந்தக் காலத்தில் இலங்கைப் பக்கமிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள் என்றும் சொல்லிவிட்டார். மாமா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தும் மாமாவுக்கு அதே பேச்சுத்தான்.

"அது எங்கட மரையப்பா! வன்னியில பயறு போட்டால் ஒரு இலை மிஞ்சாது. இரவிரவாக் காவல் கிடந்து கை தட்டிக் கலைச்ச எனக்குத் தெரியாதே?"

"கப்பலில வந்தது அதின்ர பூட்டன். இதுக்குப் பயறு எண்டால் என்னெண்டு தெரியுமே?" என்றார் மாமி.

"ரத்தத்தில இருக்கும்."

"ஓம், உங்கட ரத்தத்தில விசர் இருக்கிற மாதிரி."

கடைசியில் நிலத்தைப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் குளோவர், மறுபக்கம் பலசரக்குக் கடைப் பயறு. தொழிற்சாலை முழுவதும் கதை பரவிவிட்டது. மரை குளோவரில் வாய் வைத்தால் மாமா அங்கே தலைகாட்ட முடியாது.

கோடை முடியும் ஒரு ஞாயிறு மாலை. மரத்தில் கட்டிய பலகைத் தட்டில் மாமா, அங்கிள், நான் மூவரும் அசையாமல் இருந்தோம். திடீரென்று காட்டில் ஒரு துண்டு கழன்று வெளியே வந்தது போல இருந்தது. அத்தனை பெரிய உயிரை நான் கண்டதில்லை. கழுத்தில் பிடரிமயிர், தலையில் பட்ட மரம்போல் கொம்பு. நடந்தபோது ஒரு சருகுகூட நொறுங்கவில்லை. குளோவரை மிதித்துக்கொண்டு, குனிந்தும் பாராமல் கடந்து, பயற்றில் வாய் வைத்தது. அது மெல்லும் சத்தம் கேட்டது. கோயிலில் திரை விலகும்போது வருவது போல் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மாமா வென்றுவிட்டார். அங்கிள் துவக்கை உயர்த்தினார்.

மாமா எழுந்து நின்று கையைத் தட்டி, "ஓய்! ஓய்! பயிருக்கை நிக்காதை! போ!" என்று தொண்டை கிழியக் கத்தினார். மரை தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தது. பிறகு அந்த இடத்தில் அது இல்லை.

அங்கிள் வாய் பிளந்து நின்றார். மாமா தன் கைகளையே பார்த்தபடி, "கை தானாப் போயிட்டுது பிள்ளை" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. இறைச்சி போன கவலையாக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. மாமா வேலைக்குப் போனார். மாமி மீன் குழம்பு வைத்தார்.