சக்கரத் திருடர்களுக்குப் பந்தி வைத்த வெல்டா

எங்கள் பெல்னாப் ஊரில் யாராவது வெயிலில் நின்று வேலை செய்தால், அவர் வாயில் எதையாவது போடாமல் வெல்டா ப்ரூயிட்டால் தாண்டிப் போக முடியாது. மின்கம்பத்தில் ஏறியவன், சாலைக்குத் தார் போட்டவன், சாக்கடை அடைப்பு எடுக்க வந்தவன் எல்லாரும் அவர் கையால் சாப்பிட்டவர்கள்தான். பக்கத்து வீட்டுக்காரர் தவணை கட்டவில்லை என்று அவர் காரை இழுத்துப் போக வந்த ஆளுக்குக்கூட வறுத்த கோழி கொடுத்து உட்கார வைத்தார். அவன் எலும்பைச் சப்பி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் காரோடு மாயமாகிவிட்டார். அது தற்செயல் என்று வெல்டா இன்றுவரை சாதிக்கிறார். நான் நம்புவதாக இல்லை.

நாங்கள் இருவரும் டேகில் மோட்டார்ஸ் கார் ஷோரூமில் வேலை பார்க்கிறோம். நான் உள்ளே உதிரிபாகக் கவுண்டரில். அவர் முன்னால் வரவேற்பு மேசையில். இரண்டு கணவர்களை அடக்கம் செய்தவர், அந்த மேசையை மட்டும் விடவில்லை. வீட்டில் ஒரு டிவியும் ஒரு பூனையும்தான், இரண்டுமே நான் சொல்வதைக் கேட்பதில்லை, இங்கே வந்தால் நாலு பேர் கேட்கிறார்கள் என்பார். அவருடைய குரல் ஒலிபெருக்கியில் வந்தால் பின்பக்கம் பட்டறையில் ஸ்பேனர் பிடித்தவனும் நிமிர்ந்து நிற்பான். பெரிய டேகில் இருந்தவரை அவரைக் கேட்காமல் கடையில் ஒரு நாற்காலி நகராது. பெரியவர் ஓய்வு பெற்று மீன்பிடிக்கப் போனபிறகு மகன் ப்ரெண்ட் வந்தான். அவனுக்கு வெல்டாவின் இடத்தில் ஒரு இயந்திரத்தை வைக்க ஆசை. ‘விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும்’ என்று தொலைபேசியில் சொல்கிற இயந்திரம். காரணம் கிடைக்காமல்தான் காத்திருந்தான்.

காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஞாயிறு எங்கள் கடை மூடியிருக்கும். ஆனால் சங்கிலி போட மாட்டோம். தேவாலயம் முடிந்து ஊரே குடும்பத்தோடு வந்து வண்டிகளைச் சுற்றிப் பார்க்கும் நாள் அது. வாங்கச் சொல்லித் தொங்குகிற விற்பனையாள் ஒருவனும் இருக்க மாட்டான் என்பதுதான் அதில் சுகம். அன்றும் அப்படி வந்தவர்கள் கண்முன்னால்தான் நாலு பேர் முன்வரிசைப் பிக்கப் வண்டிகளை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி, ஒரு பெரிய மூடுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லார் மேலும் மஞ்சள் சட்டை. வண்டியில் ‘டயர் சர்வீஸ்’ என்று பட்டையாக எழுதியிருந்தது. டயரில் ஏதோ குறை, கம்பெனி திரும்பக் கேட்டிருக்கும் என்று பாப்டிஸ்டு சபைக்காரர்கள் நினைத்தார்கள். மெதடிஸ்டு சபைக்காரர்களும் அதையேதான் நினைத்தார்கள். எங்கள் ஊரில் இரண்டு தரப்பும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். ஒரு தாத்தா பக்கத்தில் நின்று ஜாக்கியை எங்கே வைக்க வேண்டும் என்று யோசனை வேறு சொன்னாராம்.

கடைக்கு எதிர்வீடுதான் வெல்டாவுக்கு. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இந்த வெயிலில் வேலை வாங்குகிறானே ப்ரெண்ட், இவனுக்கு மனசாட்சி இருக்கிறதா என்று திட்டிக்கொண்டே ஒரு குடம் ஐஸ் டீயும், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பீச் காப்லரும் எடுத்துப் போனார். வெண்ணெயில் வெந்த பீச் பழமும் மேலே மொறுமொறுப்பான மாவும், அதை வேண்டாம் என்று சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. அவர்கள் தின்பதை நின்று பார்த்துவிட்டு, பாத்திரத்தை என் வாசல்படியில் வையுங்கள் என்று சொல்லித் தூங்கப் போனார். எழுந்து வந்தபோது படியில் குடம் இருந்தது. பாத்திரம் இல்லை.

திங்கள் காலையில் நான் வந்தபோது முன்வரிசை முழுவதும் மரக்கட்டைகள்மேல் குந்தியிருந்தது. ப்ரெண்ட் கையில் காபியை வைத்துக்கொண்டு, குடிக்கவும் தோன்றாமல் வரிசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாவட்டக் காவலான ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து லாமர் வந்தார். வெல்டாவிடம் சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் பைபிள் படித்தவர், அதனால் மிரட்டவும் முடியவில்லை.

“வெல்டாம்மா, டீ குடுத்தீங்க சரி. வண்டி நம்பரப் பாத்தீங்களா?”

“அத நான் எதுக்குப் பாக்கணும்? யாரு எவ்வளவு மிச்சம் வெச்சாங்கன்னு பாத்தேன்.”

அதை மட்டும் அவர் அச்சுப் பிசகாமல் சொன்னார். ஒருவன் மாவை மட்டும் தின்று பழத்தை ஒதுக்கினான். ஒருவன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினான். ஒருவன் ஐஸ்கிரீம் இல்லையா என்றான், அவன் தறுதலை. கடைசி ஆள் நல்ல பையன். தொப்பியைக் கழற்றி, தலை குனிந்து, ஜெபம் செய்துவிட்டுத்தான் கரண்டியைத் தொட்டான். லாமர் பேனாவை மூடினார். ஜெபம் செய்கிறவர்களைப் பிடிப்பதானால் இந்த மாவட்டத்தில் தன் மாமியார் உட்பட எல்லாரையும் பிடிக்க வேண்டியிருக்கும் என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டுப் போனார்.

வெல்டாவுக்கு ஆறாத கோபம் சக்கரத்தின்மேல் இல்லை. பாத்திரத்தின்மேல்தான். ஓரத்தில் நீலப்பூ போட்ட வெள்ளைப் பாத்திரம், முதல் கல்யாணத்துக்கு வந்த பரிசு. இரண்டு புருஷனும் போயும் அது ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. சக்கரம் எடுப்பவன் திருடன், ஒத்துக்கொள்கிறேன், சாப்பிட்ட பாத்திரத்தைத் திருப்பித் தராதவன் என்ன பிறவி என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊர் விடுமா? காபிக் கடையில் அவரைப் பார்த்தவர்கள் எல்லாம், எங்கள் வீட்டு டிவியைத் தூக்க ஆள் வந்தால் என்ன பலகாரம் செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். அவரும் சிரித்துத் தள்ளிவிட்டார்.

சிரிப்பு புதன்கிழமையோடு போயிற்று. காப்பீட்டுக் கம்பெனியின் ஆள் வந்து, உங்கள் ஊழியரே திருடர்களை உபசரித்திருக்கிறாரே என்று ப்ரெண்டிடம் இழுத்தான். ப்ரெண்டுக்கு அது போதும். எல்லாரும் கேட்க, வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளுங்கள் என்று வெல்டாவிடம் சொன்னான். அவர் மேசையிலிருந்த மிட்டாய்க் கிண்ணத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்த்தினார்.  அந்த மேசை இல்லாவிட்டால் அந்த அம்மாள் டிவியோடும் பூனையோடும் எத்தனை நாள் தாங்குவார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை உடை உடுத்திய ஒரு வயதான அம்மாள் உள்ளே வந்தார். கையில் வெள்ளித்தாள் மூடிய பாத்திரம். ஓரத்தில் நீலப்பூ.

எங்கள் பக்கம் தேவாலய விருந்துக்குப் போகும் பாத்திரம் எதுவானாலும் அடியில் ஒரு டேப் ஒட்டி, பெயரும் எந்தத் தேவாலயம் என்பதும் எழுதியிருக்கும். யார் வீட்டில் போய் மாட்டினாலும் திரும்பி வந்துவிடும். அதுவும் வெறுமையாக வராது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதைவிடச் சட்டை இல்லாமல் தெருவில் போகலாம். வந்தவர் பெயர் ஓலீட்டா கிரிக்ஸ்பி. பக்கத்து மாவட்டம். மகன் வீட்டுச் சமையலறையில் இதைப் பார்த்து, டேப்பைப் படித்து, வாழைப்பழப் புட்டிங் செய்து நிரப்பி, எங்கள் தேவாலயத்துக்குப் போய்க் கேட்டு, அங்கிருந்து இங்கே வந்திருக்கிறார்.

வெல்டா பாத்திரத்தை வாங்கி மேசைமேல் வைத்து, ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். சந்தோஷத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை அவருக்கு.

“எம் மகன் ராண்டல் சொன்னான்,” என்றார் ஓலீட்டா. “ஞாயித்துக்கிழம இங்க டயர் வேலைக்கு வந்தானாம். ஒரு புண்ணியவதி சாப்பாடு போட்டாங்கன்னான். கழுவாமயே போட்டு வெச்சிருந்தான், எரும.”

வெல்டா கையைப் பாத்திரத்திலிருந்து எடுத்தார். நான் கவுண்டருக்குப் பின்னாலிருந்து, ப்ரெண்டைக் கூப்பிடு, லாமரைக் கூப்பிடு என்று கையைக் காலை ஆட்டினேன். ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிலைக்கும். அவர் என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு ஓலீட்டாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஓலீட்டா அதற்குள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துவிட்டார். கட்டைமேல் நிற்கும் வண்டிகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சாப்புட்டதுல ஒருத்தன் தொப்பியக் கழட்டி ஜெபம் பண்ணானா?”

“பண்ணான்,” என்றார் வெல்டா.

“அவன்தான். நாந்தான் சொல்லிக் குடுத்தேன்.”

வெல்டா தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார். “எனக்கு அவன் நம்பர் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.”

ஓலீட்டா தொப்பியையும் கையுறையையும் சரிசெய்துகொண்டு எண்களை அழுத்தினார். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, இவர் ஒரே மூச்சில் முடித்தார்.

“ராண்டல், பேசாத, கேளு. அந்தம்மா பாத்திரத்த வெச்சுக்கிட்டு நான் இங்க வெக்கங்கெட்டு உக்காந்திருக்கேன். அத்தன சக்கரமும் நாளைக்கு இங்க வரணும். இல்ல, நானே ஷெரீஃப் வண்டியில முன்னாடி உக்காந்து உன் வீட்டுக்கு வழி காட்டுவேன்.”

சக்கரங்கள் ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையில் இருந்தன. சனிக்கிழமை வந்து சேர்ந்தன, நாற்றத்தோடு. தகவல் தெரிந்து வந்த லாமர் ஒரு நாற்காலி போட்டு உட்கார, அந்த நாலு பேரும் கழற்றியதையெல்லாம் அவர்களே மாட்டினார்கள். மாட்டி முடித்ததும் அவரோடு போக வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும். ப்ரெண்ட் வெல்டாவிடம் வந்து, திங்கட்கிழமை வழக்கம்போல வந்துவிடுங்கள் என்று போகிறபோக்கில் சொன்னான். எனக்குச் சரியாகக் காது கேட்கவில்லை, ஒலிபெருக்கியில் சொல்லு என்றார் வெல்டா. அவன் போய்ச் சொன்னான். பட்டறையில் எல்லாரும் கை தட்டினோம்.

வெயில் ஏறியது. வெல்டா எதிர்வீட்டுக்குப் போனார். எங்களுக்குத் தெரியும், வெயிலில் வேலை செய்கிறவனைப் பார்த்து அவரால் சும்மா இருக்க முடியாது. பீச் காப்லரோடுதான் திரும்பி வந்தார். ராண்டல் ஜாக்கியைக் கீழே வைத்துத் தொப்பியைக் கழற்றினான். கையை நீட்டியவன் அவர் கொடுத்ததைப் பார்த்துத் தயங்கினான். காகிதத் தட்டு.

“அந்த நீலப்பூப் பாத்திரம்...” என்று இழுத்தான்.

“அது வீட்டுல இருக்கு, ராசா. உன்ன நம்பி இம்புட்டுத்தான் குடுக்க முடியும். ஆறிப்போறதுக்குள்ள ஜெபம் பண்ணு.”