கரண்டு அக்காவும் முறுக்கிக்கொண்ட மாப்பிள்ளையும்

பழுது பார்க்க வந்தால் கரண்டு அக்கா புறங்கையைத்தான் முதலில் வைப்பார். காய்ச்சல்காரன் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பது போல, யூபிஎஸ் பெட்டியின் தகரத்தில் மெல்ல. உள்ளங்கையை வைத்தால் கசியும் மின்சாரம் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் உதறித் தள்ளிவிடும். "மாப்பிள்ளை எப்படி இருக்காருன்னு பாக்கணும்ல" என்பார். கெட்டுப்போன எந்தப் பெட்டியும் கரண்டு அக்காவுக்கு மாப்பிள்ளைதான். எதற்குக் கோபித்துக்கொண்டார் என்று தெரியாமல் காலில் விழுந்து பயனில்லை என்பது அவர் கட்சி.

அன்றைக்கு மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டு நின்ற இடம் ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகம். அதை நடத்தும் பெண்ணை அவளுடைய கொழுந்தன் 'அண்ணி' என்று கூப்பிடப்போக, எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். காலையில் போன கரண்டு மதியமாகியும் வரவில்லை. ஆளுயர இன்குபேட்டருக்குள் அண்ணியின் முதல் ஈடு முட்டைகள், இன்றோ நாளையோ குஞ்சு பொரிய வேண்டியவை, சூடு ஆறிக்கொண்டிருந்தன. கதவிடுக்கெல்லாம் போர்வையைத் திணித்து வைத்திருந்தாள். வாடகைக்கு ஜெனரேட்டர் தேடிப் போன கணவனை இன்னும் காணோம். இந்த நேரத்துக்கென்றே வாங்கி வைத்த யூபிஎஸ்ஸோ, ஆன் செய்தால் பச்சை விளக்கைக் காட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. பேட்டரி போச்சு என்று ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பிப் புது பேட்டரியும் போட்டாயிற்று. அதற்கும் மசியவில்லை.

அக்கா வளையல்களைக் கழற்றிப் பைக்குள் போட்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்து, கல்லு மாதிரி இருக்கு என்றார். பிறகு ஆன் செய்தார். பச்சை வந்தது, அணைந்தது. மறுபடியும் செய்தார். மறுபடியும். அண்ணிக்குப் பொறுக்கவில்லை. உள்ளே முட்டை ஆறுகிறது, இந்தம்மா பொத்தானை வைத்து விளையாடுகிறாரே என்று நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டாள். பச்சை வந்ததிலிருந்து அணையும்வரை அக்காவின் விரல் தொடையில் எண்ணித் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"மயங்கி விழுறவன் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரியா விழுவான்?" என்றார் அக்கா. "இவரு மயங்கல. சொன்ன நேரத்துக்குத் தானா படுக்குறாரு. யாரோ படுன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க."

சொல்வது யார் என்று தேடிப் பெட்டியைத் திருப்பினார். பின்பக்கம் கேபிள் செருகும் துளையின் ஓரம் லேசாகக் கறுத்திருந்தது. அதுவரை வாசலில் சாய்ந்து நின்ற கொழுந்தன் பூனை மாதிரி நழுவப் பார்த்தான். அக்கா விடவில்லை. பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று கம்ப்யூட்டரிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்று வீட்டில் கிடந்த ஒரு கேபிளைச் செருகினானாம். கருகிய நெடி வந்ததாம். உடனே பிடுங்கிவிட்டானாம். பிடுங்கிவிட்டதால் சொல்லவில்லையாம். துளைக்குக் கேபிள் பொருந்தினால் யாராயிருந்தாலும் செருகத்தான் செய்வார்கள் என்று அக்கா சொன்னதில் அவனுக்குப் போன உயிர் வந்தது. அண்ணி பார்த்த பார்வையில் திரும்பப் போய்விட்டது.

மூடியைத் திறந்தபோது, துளைக்கு நேர் உள்ளே சின்னஞ்சிறு சில்லு ஒன்று பொரிந்துபோய்க் கிடந்தது. கம்ப்யூட்டர் சொல்வதை வாங்கி யூபிஎஸ்ஸிடம் சேர்ப்பது அதன் வேலை. இந்தப் பெட்டிக்கு ஆகாத கேபிள் வழியே கம்ப்யூட்டர் பக்கமிருந்து தாறுமாறாக வந்த மின்சாரம் அதைச் சுட்டுவிட்டது. கேபிளைப் பிடுங்கிய பிறகும் அந்தச் சில்லு நிறுத்து, நிறுத்து என்று சொல்லிக்கொண்டேயிருக்கிறது. மாப்பிள்ளையும் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டேயிருக்கிறார். அக்கா இதை விளக்க விளக்க அண்ணிக்குப் புல்லரித்தது. பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன அதே பச்சை விளக்குதான். அது அணைகிற விதத்திலிருந்து இத்தனையையும் ஒரு மனுஷி எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அவளுக்கு விளங்கவேயில்லை.

அடக்கத்துக்கும் அக்காவுக்கும் ஏழாம் பொருத்தம். இந்த வட்டாரத்தில் இதைக் கண்டுபிடிக்கத் தன்னை விட்டால் ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். ஆனால் வெட்டுக்குறடைக் கையில் எடுத்ததும் குரல் இறங்கிவிட்டது.

"இந்தச் சில்லோட கால வெட்டிட்டா, கம்ப்யூட்டர் சொல்றது இனி இவருக்குக் கேக்காது. ஆனா ஓடுவாரு. நான் நினைச்சது தப்புன்னா, போர்டு மொத்தமா போயிடும். வெட்டவா தங்கச்சி?"

அண்ணி இன்குபேட்டரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "வெட்டுங்கக்கா."

சட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆன் செய்தார். பச்சை வந்தது. வழக்கமாக அணையும் நேரம் வந்தது, தாண்டியும் போனது. இன்குபேட்டரின் மின்விசிறி முனகிக்கொண்டே சுற்றத் தொடங்கியது. கொழுந்தன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அண்ணி இன்குபேட்டர் பக்கம் போனாள். இத்தனை நேரம் ஆறிக் கிடந்த முட்டைகளில் உயிர் இருக்குமா என்று கேட்டாள். அது தனக்குத் தெரியாது, தனக்குத் தெரிந்ததெல்லாம் தகரப் பெட்டிதான் என்றார் அக்கா. சொல்லிவிட்டுக் கிளம்பவும் இல்லை. கதவைத் திறந்து பார்க்க எழுந்த கொழுந்தனைக் கையமர்த்திவிட்டு, இன்குபேட்டரின் பக்கவாட்டில் இருந்த காற்றுத் துளையில் குனிந்து காதை வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நிமிர்ந்து, அண்ணியின் தலையைப் பிடித்து அந்தத் துளையோடு சேர்த்து வைத்து, மின்விசிறிச் சத்தம் குறுக்கே வராதபடி அவளுடைய இன்னொரு காதைத் தன் கையால் பொத்தினார்.

கீச்சென்று ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அண்ணியின் தோள்கள் குலுங்கின. அக்கா கையை எடுக்கவில்லை.