மூக்குக்கு ஒரு மேல்முறையீடு

முதல் தும்மல் வந்தபோது என் தோளில் காய்ந்த புல் கட்டு ஒன்று இருந்தது. வடக்கே பனிமலையில், சுமை தூக்கும் கோவேறு கழுதைகளைப் பராமரிக்கிற பிரிவில் நான் சிப்பாய். ஐந்தாவது வருடம் தீவனக் கொட்டகையை என் பொறுப்பில் விட்டார்கள். ஜன்னல் இல்லாத தகரக் கொட்டகை, கூரை வரை புல் கட்டுகள். அன்று காலை தும்ம ஆரம்பித்தவன் இருபத்து மூன்று வரை எண்ணினேன். கூட இருந்தவன் முப்பது என்று சாதித்தான். கட்டைக் கீழே போட்டுவிட்டு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஒரு மாதத்துக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. கண் அரிப்பு, மூக்கடைப்பு, தலைபாரம். முகாம் மருத்துவர் ‘ஒவ்வாமை மூக்கழற்சி’ (தூசியையோ பூஞ்சையையோ எதிரியென்று எண்ணி மூக்கின் உட்சவ்வு வீங்கிக்கொள்வது) என்று எழுதி மாத்திரை கொடுத்தார். கொட்டகை மாறவில்லை. பன்னிரண்டு வருடம் அதே புல், அதே தூசி. இடையில் எப்போதோ வாசனை தெரிவதும் நின்றுபோயிருக்கிறது. எந்த வருடம் என்று எனக்கே தெரியாது.

இதே நோயோடு பட்டாளத்திலிருந்து வந்து, ‘மூக்கு ஒழுகுவதற்கெல்லாம் ஊனமுற்றோர் ஓய்வூதியமா’ என்று ஊரார் கேலி செய்ய மனு எழுதிக்கொண்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்துவிடக் கூடாது.

பணி முடிந்து வெளியே வரும்போது மருத்துவக் குழு ஒன்று நம்மைப் பரிசோதிக்கும். நான் வெள்ளனே எழுந்து குளித்து, முகம் மழித்து, மாத்திரையும் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி போய் நின்றேன். அதிகாரி முன்னால் மூக்கை உறிஞ்சினால் மரியாதையா? “இது எத்தனை நாளாக இருக்கிறது?” என்று மருத்துவர் கேட்டார்.

பழனிக்கு மேலே, எங்கள் மேல்மலையில் ஒரு பழக்கம். உடம்பைப் பற்றி யார் விசாரித்தாலும் அதை ஒன்றுமில்லாததாக ஆக்கிச் சொல்ல வேண்டும். காய்ச்சலில் நடுங்குகிறவனும் “சும்மா மலைச்சளிங்க” என்றுதான் சொல்வான். நானும் எனக்குத் தெரிந்த இந்தியில் பெருந்தன்மையாகச் சொன்னேன்: “எங்க ஊர்ல பொறந்ததுல இருந்தே எல்லாருக்கும் மூக்கு ஒழுகும் சார். குளிரு அப்படி.” அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் எழுதிக்கொண்டார்.

ஓய்வூதியம் வந்தது. ஊனத்துக்கான பகுதி மறுக்கப்பட்டது. காரணம் புரியாமல் ஊருக்கு வந்து வெள்ளைப்பூண்டு பயிர் போட்டேன். ஒரு வருடம் தும்மியபடி கழிந்தது.

பழனியில் எங்களைப் போன்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் பாண்டி அண்ணன், பட்டாளத்தில் எழுத்தராக இருந்தவர். அவர்தான் மருத்துவக் குழு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க வைத்தார். அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“ஏலே, சின்ன வயசுல இருந்தே இந்த நோவு இருக்குன்னு நீயே சொன்னதா எழுதிக் கெடக்கு. ஒன்னைய யாரு இம்புட்டுப் பேசச் சொன்னா?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. மறுத்தது கூடப் பெரிதில்லை. நோயை மறைத்துப் பட்டாளத்தில் சேர்ந்தவன் என்றல்லவா அந்த வரிக்கு அர்த்தம்! பதினேழு வருடச் சேவைக்குப் பின்னால் நான் பொய்யன். அந்த வரியை அடிக்காமல் விடமாட்டேன் என்று அங்கேயே சொன்னேன். பாண்டி அண்ணன், “அப்ப வாயை மூடிக்கிட்டு காகிதத்தைச் சேரு” என்றார்.

முதல் மேல்முறையீடு ஒரே பக்கத்தில் தோற்றது. இரண்டாவதற்குள் எங்கள் கைக்கு ஒரு பொக்கிஷம் வந்தது. படையில் சேர்ந்த அன்று எடுத்த உடற்தகுதிச் சான்று. காது, மூக்கு, தொண்டை மூன்றுக்கும் நேரே ‘இயல்பு’ என்று எழுதியிருந்தது. சேரும்போது இல்லாத நோய் பிறகு வந்தால், அது பணியால் வந்ததல்ல என்று காட்ட வேண்டியது பட்டாளத்தின் பொறுப்பு என்று பாண்டி அண்ணன் விளக்கினார். நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மலையேறும் பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்கெல்லாம் காட்டினேன்.

மறுபரிசோதனைக்கு அழைப்பு வந்தது. தோல் குத்துச் சோதனை (ஒவ்வாமைப் பொருள்களைச் சொட்டுச் சொட்டாகக் கையில் விட்டு ஊசியால் லேசாகக் குத்திப் பார்ப்பது) செய்வார்கள், ஒரு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த வாரம் எங்கள் வீட்டில் பூண்டு சருகும் தூசியுமாகக் காய்ந்துகொண்டிருந்தது! ஐந்தாம் நாள் கண் திறக்கவில்லை. என் மனைவி முருகேஸ்வரி மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணே ஒண்ணு போட்டுக்கிட்டா என்னங்க? அதிகாரிக முன்னால இப்படியா போய் நிப்பீக?”

“இப்படித்தான் போகணும்,” என்றேன். தும்மலுக்கு நடுவே அதைச் சொல்லி முடிக்க எனக்கு மூன்று தவணை ஆயிற்று. அவள் சிரித்துவிட்டு அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள்.

மருத்துவமனையில் என் முன்கையில் பேனாவால் எண் போட்டு வரிசையாகச் சொட்டு விட்டார்கள். கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்படியொரு கால் மணி நேரத்தை நான் வாழ்ந்ததில்லை. மர மகரந்தம் விட்ட இடம் அசையவில்லை. வீட்டுத்தூசிக்கு ஒரு சின்னத் தடிப்பு. கடைசி இரண்டும், காய்ந்த புல்லும் புல்லில் பிடிக்கும் பூஞ்சையும், காசளவுக்கு எழும்பின. அரிப்பு உயிர் போகிறது, எனக்கோ கைதட்ட வேண்டும் போல இருக்கிறது.

மருத்துவர் அம்மா நிதானமானவர். “இது எதனால் என்று சொல்லும், எப்போது வந்தது என்று சொல்லாது,” என்றார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். சிறு வயதில் இருந்ததா?

நாக்கு நுனியில் மலைச்சளி வந்து நின்றது. விழுங்கிக்கொண்டேன். “குளிருக்குச் சளி பிடிக்கும் மேடம், நாலு நாள்ல போயிரும். இது கொட்டகையில வந்தது. பட்டாளத்துல சேர்ந்த அன்னைக்கு எடுத்த சான்று இந்தா இருக்கு. மொத தடவை மருந்து வாங்குன பதிவும் இருக்கு.”

“போன தடவை ஏன் இப்படிச் சொல்லவில்லை?”

“மரியாதைக்கு மேடம்.”

அவர் சான்றையும் பதிவையும் வாங்கிப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

அங்கே இன்னொரு நன்மையும் நடந்தது. மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயை (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) இத்தனை வருடம் தவறாக அடித்திருக்கிறேன். நடுத்தண்டை நோக்கி அடித்து வேகமாக உறிஞ்சுவேன். காதுப்பக்கமாகச் சாய்த்து, உறிஞ்சாமல் அடிக்க வேண்டுமாம். காய்ச்சி ஆறிய உப்புநீரால் தினமும் மூக்கைக் கழுவவும் சொல்லிக்கொடுத்தார்கள். பூண்டுச் சருகைத் தொடும்போது முகக்கவசம்.

மூன்றாம் மாதம் ஆடலூரில் மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏதோ தித்திப்பாக முகத்தில் மோதியது. முருகேஸ்வரியின் கையைப் பிடித்து நிறுத்தி, யாராவது சென்ட் கொட்டிவிட்டார்களா என்றேன். அவள் தோட்டத்தைக் காட்டினாள். காப்பிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. எத்தனையோ விடுமுறைக்கு இதே வழியில்தான் நடந்திருக்கிறேன், இந்த வாசம் எட்டியதே இல்லை. நடுரோட்டில் நின்று அழுதேன், கூச்சப்படவே இல்லை.

ஆணை அதற்கு அடுத்த மாதம் வந்தது. ‘சிறு வயது முதல்’ என்ற குறிப்பு ஏற்கத்தக்கதல்ல, நோய் பணிக்காலத்தில் தோன்றி பணியால் வளர்ந்தது, ஊனத்துக்கான பகுதியும் தரப்படும் என்று இருந்தது. சத்தமாக இரண்டு முறை படித்தேன். பிறகு எனக்கு ஒரு பயம் வந்து பாண்டி அண்ணனுக்குப் போன் செய்தேன்: “அண்ணே, எனக்கு இப்ப வாசம் தெரியுதே. இந்தப் பணத்தைத் திருப்பிக் குடுக்கணுமா?”

“நோவு போகலைடா, அடங்கிக் கெடக்கு. ஸ்பிரேயை விட்டுப் பாரு, வெரசா வந்துரும்,” என்றார்.

சரிதான். புழுதிக் காற்று அடிக்கிற நாளில் அது தலையைத் தூக்கிப் பார்க்கும். இப்போது அதனோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்கு ஒரு பிறந்தநாள் இருக்கிறது, பிறந்த இடம் இருக்கிறது, இரண்டும் அரசாங்கத் தாளில் இருக்கின்றன. அந்த நாளுக்கு முன்னால், மேல்மலைப் பனியில் மூக்கொழுகத் திரிந்த ஒரு பையன் இருந்தான். அவனுக்கு எந்த நோயும் இல்லை. அவன் எதையும் மறைக்கவும் இல்லை.