கயிற்றைக் கீழே போட்ட ஷாபான்

மார்செய் துறைமுகத்தில் அரசரின் துடுப்புப் போர்க்கப்பல்கள் எத்தனை நின்றாலும், மற்றவர்கள் வயிறெரிந்து பார்த்தது எங்கள் கப்பலைத்தான். காரணம் ஷாபான். அல்ஜியர்ஸ்காரர், கடலில் பிடித்து விற்கப்பட்ட அடிமை. முதல் பலகையில் உட்கார்ந்து அவர் துடுப்பு இழுக்கும் தாளத்துக்குத்தான் கப்பலே இழுக்கும். அதே துடுப்பில் என்னையும் கட்டிப் போட்டிருந்தார்கள். வரி கட்டாமல் உப்பு கடத்தினேனாம். பெரிய மனிதர்களும்தான் கடத்தினார்கள், மாட்டியது நான்.

எங்கள் நடுவே ஈசாக், நெசவுக்காரன். அரசரின் மதத்தை ஏற்காததுதான் அவன் குற்றம். ஞாயிறு பூசையில் எல்லோரும் சிவப்புக் குல்லாவைக் கழற்ற வேண்டும். அவன் கழற்ற மாட்டான். அப்படிப்பட்டவனை அடிக்கும் வேலையை, 'துருக்கியர்' என்று கப்பலில் அழைக்கப்படும் முஸ்லிம் அடிமைகளில் வலுவான ஒருவரிடம் கொடுப்பது வழக்கம். அந்த ஞாயிறு, சாட்டை மேஸ்திரி கஸ்தோல் தார்க்கயிற்றை ஷாபானிடம் நீட்டினான். இருமி இருமித் துரும்பாகிக் கிடந்த ஈசாக், அடி விழுந்தால் செத்தே போவான்.

"அடிடா!"

"முடியாதுங்க. இவன் என் துடுப்புக்காரன்."

"அவன் உன் மதம்கூட இல்லியேடா?"

"நீங்களும்தான் என் மதம் இல்ல. உங்களை அடிச்சேனா?"

கப்பலே சிரித்தது. ஷாபான் கயிற்றைக் கீழே போட்டார். கஸ்தோல் அதை எடுத்து அவரையே விளாசினான். ஈசாக்கை அடிக்க அவன் கையில் தெம்பு மிஞ்சவில்லை.

சீழ் பிடிக்காமல் இருக்க, அவருடைய கிழிந்த முதுகில் உப்பும் வினிகரும் தேய்த்தேன். ஷாபான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "இங்க வந்தும் உப்பை விடலியாடா கோலா?"

மறுநாள் கேப்டன் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஷாபானால் கையைத் தூக்க முடியவில்லை. வேறொருவனை உட்கார வைத்தார்கள். துடுப்போடு துடுப்பு மோதியது. துறைமுகமே கைகொட்டிச் சிரித்தது.

"கப்பலோட வலது கையை நீயே ஒடிச்சுட்டு முழிக்கிறியா?" என்று கேப்டன் கஸ்தோலைக் காய்ச்சி எடுத்தார்.

நாலைந்து நாளில் ஷாபானால் கையைத் தூக்க முடிந்ததும் கஸ்தோல் வந்து நின்றான். குரலே இறங்கியிருந்தது.

"இழுப்பியா, ஷாபான்?"

"என் துடுப்புல எல்லாரும் முழுசா இருந்தா இழுப்பேன்."

சங்கிலியில் கிடந்த காலத்தில் நான் தலை நிமிர்ந்தது அன்றுதான்.

அடுத்த ஞாயிறு பூசை மணி அடித்தது. நாங்கள் குல்லாவைக் கழற்றினோம். ஈசாக் கழற்றவில்லை. பூசை முடியும்வரை கஸ்தோல் கடற்பறவைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.