செவுள் சிவப்பாக இருக்கும்போதே

பூரணாங்குப்பம் தையலம்மாளை மீன் விஷயத்தில் யாரும் ஏமாற்ற முடியாது. ஏலத்தில் மீனின் செவுளை ஒரு விரலால் தூக்கி, சிவப்பா வெளுப்பா என்று பார்ப்பாள். மீன் இன்றையதா நேற்றையதா என்று அப்போதே தெரிந்துவிடும். நாற்பத்தாறு வயது, இருபது வருடமாகப் பாகூர்த் தெருக்களில் மீன் விற்கிறாள். இப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி தன் உடம்பு விஷயத்தில் மட்டும் கோட்டைவிட இருந்தாள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் அனிதா அவளுடைய வாடிக்கைக்காரி. அவள் கூப்பிட்ட தாட்சண்யத்துக்காகத்தான் தையலம்மாள் பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை முகாமுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டாள். ஹெச்.பி.வி. வைரஸ் இருப்பதாக முடிவு வந்தது. டாக்டரம்மாவும் பார்த்துவிட்டார்.

"பயப்படாதீங்கக்கா, இது புத்துநோய் இல்ல," என்றாள் அனிதா. "இந்த வைரஸ் நிறைய பேருக்கு வரும், தானா போயிடும். போகாம வருஷக்கணக்கா தங்கிட்டாத்தான் கருப்பை வாய்ல புத்துநோய் ஆவலாம். உங்களுக்கு அங்க லேசா மாற்றம் தெரியுது. செவ்வாய்க்கெழம ஆஸ்பத்திரிக்கு வந்தா, அந்த எடத்துல சூடு வச்சி பத்து நிமிஷத்துல சரி பண்ணிடலாம்."

"எப்புடி ஒட்டுச்சி?"

"புருஷன் பொண்டாட்டி உறவுலதான்."

அவ்வளவுதான். கணவன் சிங்காரவேலு ஒரு காலத்தில் கேரளாவுக்குப் படகு வேலைக்குப் போனவர். அன்று சாயங்காலம் அவர் வாங்கிய திட்டு தெருக்கோடி வரை கேட்டது. மறுநாள் அனிதா தலையில் அடித்துக்கொண்டாள்.

"எப்ப வந்துச்சின்னே சொல்ல முடியாதுக்கா. கல்யாணம் ஆன புதுசுலகூட வந்திருக்கலாம். பாவம், அவர வுடுங்க."

விட்டாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

ஆனால் செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வழக்கம்போல பாகூருக்கு ஷேர் ஆட்டோ ஏறினாள். வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை. கெட்டதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாதா என்ற மிதப்பு.

மளிகைக்கடை ஆமினா பீவி சங்கரா மீனைப் புரட்டிப் பார்த்தாள்.

"இப்பதான் புடிச்சதுன்ற. அப்புறம் இன்னாத்துக்கு இவ்ளோ ஐஸு?"

"கெட்டுப்போன அப்புறம் போட்டு இன்னா பிரயோஜனம்? நல்லா இருக்கும்போதே போடணும்!"

இருபது வருடமாகச் சொல்லும் பதில். அன்று சொல்லி முடித்ததும், தன் உடம்புக்கும் அதுதானே என்று அவளுக்கே உறைத்தது. கல்யாணத்துக்கு நிற்கும் மகள் கண்முன் வந்தாள். மீன் இருந்த அன்னக்கூடையை அப்படியே ஆமினா வாசலில் வைத்தாள்.

"பாத்துக்க பீவிம்மா, பூன வந்துடப் போவுது," என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினாள்.

பத்து நிமிடம் என்றது பொய்யில்லை. அடிவயிறு கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். ஒரு மாதம் தள்ளிப் படுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று சிங்காரவேலுவிடம் அவள் அறிவித்தபோது, அவர் பாயை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

ஒரு வருடம் கழித்து மறுபரிசோதனையில் வைரஸ் இல்லை. அன்று நேராக ஆமினா கடைக்குத்தான் போனாள். கையில் மீன் இல்லை.

"கெளம்பு பீவிம்மா, முகாமுக்குப் போவலாம்."

"எனக்கு ஒண்ணும் இல்லியே தையலு."

"எனக்கும் ஒண்ணும் இல்லாமத்தான் இருந்துச்சி. எழுந்திரு."